குண்டூசியின் முறை

அந்த இரண்டு தட்டு இடைவெளியை அடைத்தது நான்தான். வேறு யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று பார்த்தேன். ஒட்டவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு சட்டைத் தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்தில். மேல் மாடியில் அம்மாக்கள் தைக்கிறார்கள், கீழே நாங்கள் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை இருபத்திரண்டு பிள்ளைகள். தலைக்கு மேலே முந்நூறு மெஷின்கள் ஓடுவதால் நாள் முழுக்கக் கூரை அதிர்ந்துகொண்டே இருக்கும். புதிதாக வரும் பிள்ளை முதல் வாரம் பூராவும் மேலே பார்த்துப் பார்த்து அழும். அந்தச் சத்தத்துக்குள் எங்கோ தன் அம்மா இருக்கிறாள் என்று அதற்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். என் அக்கா மேலே காலர் தைக்கிறாள். பத்தாவது முடித்ததும் மெஷினில் உட்கார்ந்தவள். அவள் உட்கார்ந்ததால்தான் நான் படிக்கப் போக முடிந்தது. இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போடவாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அக்காவின் மகளும் அந்த இருபத்திரண்டில் ஒருத்தி. நான்கு வயது. ஒடிசலான உடம்பு, தலை மட்டும் உருண்டை. அக்கா அவளைக் குண்டூசி என்று கூப்பிடுவாள், அதுவே எல்லோருக்கும் பழகிவிட்டது. குண்டூசி பேசமாட்டாள். டாக்டரிடம் காட்டியாயிற்று. காதில் குறையில்லை, நாக்கில் குறையில்லை. அவளுடைய அப்பா வீட்டை விட்டுப் போன வருடத்திலிருந்து இப்படித்தான். அக்காவிடம் மட்டும் "தண்ணி", "வேணாம்" என்று ஒற்றை ஒற்றையாக வரும். வாசலைத் தாண்டினால் அதுவும் கிடையாது.

பள்ளிச் சேர்க்கைக்கு ஏழு மாதம் இருந்தது. பெரிய கேட் வைத்த ஒரு பள்ளி. சின்ன வயதில் நான் அந்த கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அதில் இவளைச் சேர்த்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி. தலைமையாசிரியை பிள்ளையை எதிரே நிற்கவைத்து இரண்டு கேள்வி கேட்பார். பிள்ளை வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. இந்தப் பிள்ளை அந்த அறையில் வாயைத் திறக்குமா என்பதுதான் எங்கள் வீட்டில் அந்த வருடத்தின் ஒரே கவலை.

காப்பகத்தின் சமையலறையில் ஒருத்தி உதவிக்கு இருந்தாள். எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், அப்புறம் படிப்பை நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் டம்மக்கா. காலை பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்ததும், மூடிகளையும் டப்பாக்களையும் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவாள். பிள்ளைகள் ஓடிவந்து வட்டமாக உட்காரும். ஆளுக்கு ஒரு மூடி, ஒரு மரக்கரண்டி. டம்மக்கா கவிழ்த்துவைத்த வாளியில் தாளத்தை ஆரம்பிப்பாள். பாட்டு அவளே கட்டியது, ஒரே வரி. "யாரு வீட்டுச் சத்தம் இது, யாரு வீட்டுச் சத்தம்?" எந்தப் பிள்ளையைப் பார்த்துப் பாடுகிறாளோ அந்தப் பிள்ளை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உடனே எல்லோரும் சேர்ந்து, "நம்ம வீட்டுச் சத்தம்!" என்று கூரை அதிரக் கத்துவார்கள். அடுத்த பிள்ளை.

குண்டூசியின் முறை வந்தால் அவள் மூடியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். டம்மக்கா "தட்டு" என்று சொல்லமாட்டாள். கையைப் பிடித்துத் தட்டவைக்கவும் மாட்டாள். அந்த இரண்டு தட்டுக்கான நேரத்தை அப்படியே காலியாக விடுவாள். இருபத்தொரு பிள்ளைகளும் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கும். ஒரு பந்துக்காக ஒன்றையொன்று கடித்துவைக்கிற பிள்ளைகள்! இரண்டு தட்டு நேரம் கழிந்ததும், வராத சத்தத்துக்கும் அதே கத்தல்தான். "நம்ம வீட்டுச் சத்தம்!"

எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் சமையலறைக்கே போய்க் கேட்டேன்.

"தினம் அரை மணி நேரம் வீணாப் போகுது. அந்த நேரத்துல நாலு எழுத்து சொல்லிக்குடுக்கலாம்."

"சொல்லிக்குடு டீச்சரம்மா, யாரு வேணாங்கிறா? மிச்ச நாள் பூரா உன்னோடதுதானே?"

"நம்ம பிள்ளைங்கன்னா மட்டும் இந்தத் தட்டும் கொட்டும். பணக்காரப் பிள்ளைங்க இந்நேரம் என்ன பண்ணுதுன்னு தெரியுமா உனக்கு?"

"பியானோ தட்டுது" என்றாள். சிரிக்கக்கூட இல்லை, பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, எங்க வீட்டு மகாராணி முறை வரும்போது எதுக்கு நிறுத்துற? தட்டாத பிள்ளையைத் தாண்டிப் போயிட்டே இருக்கணும்."

"அவ வந்துட்டுதான் இருக்கா. லேட்டா வர்றா. பஸ் லேட்டானா நீ ஸ்டாப்ல நிக்கலையா?"

"பஸ் வரும்."

"இவளும் வருவா. தள்ளு, பால் பொங்குது."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரிக் கடைசி வருடத்தில், சேர்ந்து பாடுவதும் தாளம் போடுவதும் குழந்தை வளர்ச்சிக்கு எப்படி உதவுகிறது என்று ஒரு கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதினேன். மொழி வரும், முறைக்குக் காத்திருக்கப் பழகும், பயம் தெளியும், கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று பிள்ளைக்குத் தெரியும். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அந்தப் பதில் முழுவதும் தினம் பத்தரைக்கு என் கண்ணெதிரே நடந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. விடைத்தாளில் இருந்தது நல்ல அறையில், நல்ல வாத்தியங்களோடு நடக்கிற விஷயம். பால் சட்டி மூடியில் நடந்தால் அது எனக்கு இரைச்சல்.

மூன்றாவது வாரம் தன் முறையில் குண்டூசி நிமிர்ந்து பார்த்தாள். ஆறாவது வாரம் மூடியின் மேல் ஒரு விரலை வைத்தாள். சத்தம் வரவில்லை, ஆனாலும் வைத்தாள். அப்புறம் இரண்டு விரல். பகலில் தூங்காமல் முழித்துக் கிடந்தவள் படுத்ததும் தூங்க ஆரம்பித்தாள். பக்கத்துப் பிள்ளை கையைப் பிடித்தால் உதறுவதில்லை. ஒருநாள் செருப்பை மாட்டும்போது அந்தப் பாட்டை ம்ம் ம்ம் என்று வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அக்காவிடம் நான், "பாத்தியா, நான் தினம் காட்டுற எழுத்து அட்டை வேலை செய்யுது" என்று பீற்றிக்கொண்டேன். அக்கா என்னை நம்பினாள். படித்தவள் சொன்னால் அக்கா நம்பிவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. வெல்ஃபேர் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் நிகழ்ச்சி வேணும் மிஸ். பாட்டோ டான்ஸோ எதுவோ. பிள்ளைங்க அழக்கூடாது, அவ்ளோதான் கண்டிஷன்."

"தாளம் போடுவாங்க சார்."

"அந்தச் சட்டிபானையா? நல்லா இருந்தா சரி. நல்லபடியா முடிஞ்சா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன்."

இரைச்சல் என்று திட்டிக்கொண்டிருந்ததை அன்று மத்தியானமே என் கையில் எடுத்துக்கொண்டேன். மூடிகளுக்குக் கலர் காகிதம் ஒட்டினேன். பிள்ளைகளை உயர வரிசைப்படி உட்காரவைத்தேன். பத்து நாள் ஒத்திகை. எல்லாம் கச்சிதமாக வந்தது, குண்டூசி முறையைத் தவிர. அந்த இடம் வரும்போது நிகழ்ச்சியில் பல் விழுந்ததுபோல ஓர் ஓட்டை. அவளை ஓரத்துக்குத் தள்ளவும் மனமில்லை, என் அக்கா மகளாயிற்றே. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை நாங்கள் ரேடியோ என்போம், தூக்கத்தில்கூடப் பேசுகிற பிள்ளை. அவளிடம் சொன்னேன்.

"இவ முறை வரும்போது நீ தட்டிடு. சரியா?"

"அது அவ முறையா, என் முறையா மிஸ்?"

"ரெண்டுமே உன்னோடதுதான்."

"ஐ! அப்ப எனக்கு நாலு!"

டம்மக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தூங்கியதும் என்னிடம் வந்தாள்.

"அதை மட்டும் பண்ணாதடி. அது அவ இடம்."

"வர்றவங்க முன்னாடி காலியா நின்னா, தப்புப் பண்ணிட்டோம்னு நினைப்பாங்க."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க. யாரு அவங்க, மாமனா மச்சானா?"

"உனக்கென்ன, வாளியைத் தட்டிட்டுப் போயிடுவ. கெட்டா என் பேரு கெடும்."

"அந்தப் பிள்ளை தினம் கொஞ்சம் கொஞ்சமா..."

"எட்டாவதோட நின்னவ எனக்குப் பாடம் எடுக்க வேணாம்."

சொல்லியே விட்டேன். கல்லூரியில் என் செருப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தது! அத்தனையும் சேர்த்துவைத்து, கடைசியில் யார் மேல் கொட்டினேன் பாருங்கள். டம்மக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நாள் வந்தது. ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அன்றும் வாளி தட்டியது டம்மக்காதான், வேறு யாருக்கும் அந்தத் தாளம் வராது. ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். குண்டூசியின் முறை. நான் எதிரே நின்றதால் நன்றாகத் தெரிந்தது. அவள் கரண்டியைத் தூக்கினாள். இதுவரை விரலைத்தான் வைத்திருக்கிறாள், கரண்டியைத் தூக்கியதே இல்லை. தோள் வரைக்கும் தூக்கிவிட்டாள். அதற்குள் பக்கத்திலிருந்து ரேடியோவின் இரண்டு தட்டும் டம் டம்மென்று விழுந்தன. "நம்ம வீட்டுச் சத்தம்!" என்று எல்லோரும் கத்தினார்கள். தாளம் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது.

குண்டூசியின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கரண்டியை மூடியின் மேல் ஓசை வராமல் வைத்தாள். ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நான் பார்க்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

அன்று சாயங்காலமே ஆபீசர் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். வாரம் இரண்டு நாள் கீபோர்டு வாசிக்க ஒருவரை அனுப்புவதாகவும் சொன்னார்.

"இனிமே அந்தச் சமையல்காரப் பொண்ணு வகுப்புக்குள்ள வரணுமா மிஸ்? மேல நூல் வெட்டுற செக்‌ஷன்ல ஆள் பத்தல."

"அவசியமில்ல சார்."

ஒரே வார்த்தைதான் சொன்னேன். திங்கட்கிழமை டம்மக்கா மேலே போய்விட்டாள்.

குண்டூசி வட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். செருப்பு அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். பகல் தூக்கம் போயிற்று. பாயை நனைக்க ஆரம்பித்தாள். வீட்டில் "தண்ணி" நின்றது. குடத்தை நோக்கி விரலை நீட்டுகிறாள் என்று அக்கா சொன்னாள். என்னைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள்.

சரி, கெடுத்தது நான், சரிசெய்வதும் நானே என்று கிளம்பினேன். கீபோர்டுக்காரர் வராத நாட்களில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கலர் காகிதங்களைக் கிழித்தேன். குண்டூசியை மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினேன். அவளுடைய முறை வந்ததும் நிறுத்தினேன். டம் டம். ரேடியோ.

"ரேடியோ, அது அவ முறைம்மா."

"நீங்கதானே மிஸ் எனக்கு நாலுன்னு சொன்னீங்க?"

"இனிமே ரெண்டுதான்."

ரேடியோ ஓவென்று அழுதாள். மறுநாள் அவள் தட்டவில்லை, அந்த இடத்தில் வேறொரு பையன் தட்டினான். அதற்கு மறுநாள் நான்கைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். அதட்டினேன், கெஞ்சினேன், மிட்டாய் தருகிறேன் என்றேன். காலியான நேரத்தைப் பார்த்தால் இப்போது அவர்களுக்குக் கை பரபரக்கிறது. காத்திருப்பதை அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் கற்றிருந்தார்கள். பத்து நாளில் மறக்கடித்தேன். நான் நல்ல டீச்சர்தான், சொல்லிக்கொடுத்தால் மறக்கமாட்டார்கள். குண்டூசி என் மடியிலிருந்து இறங்கிச் செருப்புப் பலகைக்கே போய்விட்டாள்.

ஒரு சாயங்காலம் அக்கா கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அந்த ஃபங்ஷன் அன்னைக்குக் காலையில இவ என்கிட்ட ஒண்ணு சொன்னா."

"யாரு, குண்டூசியா? சொன்னாளா?"

"தலை வாரிட்டு இருந்தேன். 'இன்னைக்கு நான் தட்டுவேன்மா'ன்னு சொன்னா. முழுசா, ஒரே மூச்சுல. எனக்குச் சீப்பு கையைவிட்டு விழுந்துடுச்சு. சாயங்காலம் உன்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன். நீ நிரந்தரமாயிடுச்சுன்னு குதிச்சிட்டு இருந்த."

"ஏன்க்கா இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா நீ தாங்கமாட்டடி."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

அக்கா பல்லால் நூலைக் கடித்தாள். "இப்ப எனக்குத் தாங்கல."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் மேலே ஓடினேன். டம்மக்கா தலைமுடியிலும் கண் இமையிலும் நூல் பிசிறு ஒட்ட, சட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க நிரந்தரம்" என்றாள்.

"என்னைத் திட்டு. நாலு அறைகூட அறைஞ்சிடு. ஆனா கீழ வந்துடு. ஆபீசருக்கு நானே எழுதித் தர்றேன்."

"இருக்கட்டும்டி. இங்க யாரும் என்னை எட்டாவதுன்னு கூப்பிடறதில்ல." கத்தரிக்கோலை எடுத்தவள், மறுபடி கீழே வைத்தாள். "பிள்ளை எப்படி இருக்கா?"

"இருக்கா" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. பிள்ளைக்கு வார்த்தை வராதது எப்படி இருக்கும் என்று அன்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது.

பள்ளிக்குப் போகும் நாளும் வந்தது. அக்கா லீவு போட்டாள். குண்டூசிக்கு அக்காவே தைத்த வெள்ளைச் சட்டை, காலர் கத்திபோல நின்றது. தலைமையாசிரியை வயதானவர், குரல் மெதுவானது. நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு, குண்டூசியின் உயரத்துக்குக் குனிந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

என் நாக்கு நுனியில் அந்தப் பெயர் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா அவசரப்படவில்லை, காத்திருந்தார். அந்தப் பள்ளியை நான் எத்தனையோ திட்டியிருக்கிறேன், ஆனால் அவர் நிஜமாகவே காத்திருந்தார். குண்டூசி அவரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சலோ பயமோ இல்லை. தன் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டிவிடுவார்கள் என்று தெரிந்த பிள்ளையின் பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை என்றதும் தரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் தலைமையாசிரியை.

பஸ் ஸ்டாப்பில் அக்கா குண்டூசியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை இவளை டம்மக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். மாடியில அவளைப் பாத்துக் கேட்டேன். 'தாராளமா வாங்கக்கா, வாளி இருக்கு'ன்னா."

"நானும் வர்றேன்க்கா."

"நீ வேணாம்டி."

"ஓரமா உக்காந்துக்கிறேன். வாயே திறக்கமாட்டேன், சத்தியமா."

அக்கா என் கன்னத்தில் லேசாகத் தட்டினாள். அவளுக்கு என் மேல் கோபமில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "உன்னால முடியாதுடி. நீ சொல்லிக்குடுத்துடுவ."

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. மூன்று மணிக்குக் கிளம்புகிறார்கள், இருட்டுவதற்குள் திரும்புகிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று அக்கா சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. போன ஞாயிறு துணி எடுக்க உள்ளே போனபோது, அறையில் குண்டூசி அக்காவின் காதோரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒற்றை வார்த்தை இல்லை, நீளமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். கதவில் என் நிழல் விழுந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

துணியை எடுக்காமலே வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன். அவள் மறுபடி ஆரம்பிக்கும்வரை, காதைக் கதவில் வைக்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.